அந்தப் பொய் முள்ளை யாரும் தொடவில்லையே

ஓவியர் ரவிவர்மா வரைந்த புராணப் பெண்களை வைத்து எழுதிய கவிதைகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எடுத்துக்காட்டிய கவிதைகளில் பாதி, புடவை நிறம், கண்ணில் சோகம், நகை மினுக்கு என்று ஓவியத்தில் ஏற்கெனவே தெரிவதையே திரும்பச் சொல்கின்றன. அதற்குக் கவிதை எதற்கு? சகுந்தலை படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காலில் முள் தைத்த மாதிரி தோழியைப் பிடித்துக்கொண்டு நின்று, திரும்பி காதலன் துஷ்யந்தனைத் தேடுகிறாள். அவனோ படத்திலேயே இல்லை. காளிதாசன் நாடகத்தில் தர்ப்பை குத்திவிட்டது என்று சாக்குச் சொல்வாளே, அந்தக் கள்ளத்தனத்தை ஒருவராவது எழுதியிருக்கலாம். கூட இருக்கும் தோழிகளுக்கு விஷயம் புரியாமலா இருக்கும், அவர்கள் வாயால் சொன்னால் இன்னும் சுவை.

தமயந்தி கவிதை மட்டும் தப்பித்தது. அன்னத்தோடு தமயந்தி இருக்கும் அந்தப் படம் 1899ல் வரைந்தது. அன்னம் நளனைப் பற்றிச் சொன்னதை விட்டுவிட்டு, அவள் கேட்காமல் விட்ட கேள்விகளைப் பிடித்திருக்கிறார் கவிஞர், சபாஷ்.

அப்புறம், 1894ல் ரவிவர்மா அச்சகம் தொடங்கிய பிறகுதான் இந்தப் பெண்கள் அரண்மனையை விட்டுச் சாதாரண வீட்டுச் சுவர்களுக்கு வந்தார்கள். அந்த அச்சுப் படங்களைப் பார்த்து வளர்ந்த பெண்கள் எழுதிய கவிதைகள் இருந்தால் அவற்றையும் போடுங்கள்.