1929-ஐ அழைத்தால் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போவார்களா?

இணையத்தில் ஒருவர், “1929-க்கு அழைத்தால் கொழும்பிலிருந்து வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் சிறுவர் இல்லத்தில் போட்டுவிடுவார்கள், உள்ளூரில் கேட்க நாதியில்லை” என்று எழுதியிருக்கிறார். இதை நம்பி யாராவது வாய்மூடி இருந்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

1929, இலங்கையில் பிள்ளைகளுக்கு நடக்கும் துன்புறுத்தலை முறையிடுவதற்கான, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச எண். அந்த அதிகாரசபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அங்கே முறைப்பாட்டைப் பதிவுசெய்து விசாரணைக்கு அனுப்புவார்கள். பிள்ளை எங்கே வாழ வேண்டும் என்று கட்டளையிடுவது நீதவான். அதற்கு முன் நன்னடத்தை உத்தியோகத்தர் (probation officer) வீட்டு நிலைமையை விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். பேத்தியை வைத்துப் பார்க்கத் தயாரான அம்மம்மா இருந்தால் அதை அந்த உத்தியோகத்தரிடமே சொல்லுங்கள். இல்லம் கடைசி வழி.

கொழும்பு என்பதும் பாதிதான் சரி. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாணத்துக்குரியவை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அந்த உத்தியோகத்தர்கள் வடமாகாணத் திணைக்களத்தின் கீழ் வருகிறார்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். மாவட்டச் செயலரின் தலைமையில் கூடும் சிறுவர் அபிவிருத்திக் குழுவில் பொலிஸ், கல்வி, சுகாதாரம், நன்னடத்தை எல்லோருக்கும் கதிரை உண்டு.

கதிரை உண்டு என்றுதான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் நான் போயிருந்த ஒரு பிரதேசக் கூட்டத்தில் பாதிக் கதிரைகள் காலி. தேநீர் மட்டும் நேரத்துக்கு வந்தது. அந்தக் கோபத்தை எழுதுங்கள், நானும் சேர்ந்து எழுதுகிறேன். ஆனால் அந்த எண்ணை அழைக்காதீர்கள் என்று மட்டும் எழுதாதீர்கள்.