முறிகண்டியில் சாவியைத் திருப்ப முன்

டேர்போ டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கும், அதைவிட முக்கியமாக இன்னொருவரின் பிக்கப்பை ஓட்டிப் பிழைக்கும் தம்பிமாருக்கும் இதை எழுதுகிறேன்: பாரத்தோடோ வேகமாகவோ ஓடி வந்த டேர்போ எஞ்சினை நின்ற உடனே நிற்பாட்டாதீர்கள். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வீதியால் தெற்கே போகிற வாகனங்களில் பெரும்பாலானவை முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் பயணம் தொடரும். நல்ல வழக்கம், அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அங்கே நின்று பார்த்தால் மனம் பதறுகிற ஒன்று உண்டு. வெங்காய மூட்டையோ மீன் பெட்டியோ பின்னால் நிறைய ஏற்றி, கிளிநொச்சி தாண்டி அக்சிலேற்றரை அமத்திக்கொண்டு வந்த பிக்கப் றோட்டை விட்டு இறங்கும். பிரேக் பிடித்ததும் எஞ்சினும் நின்றுவிடும். வண்டி நின்றதற்கும் சாவி திரும்பியதற்கும் இடையில் மூச்சு விடும் நேரம்கூட இருக்காது.

அந்த நேரம் பொனற்றுக்குள் என்ன நடக்கிறது?

எஞ்சினில் இருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழல்கிற சிறிய விசிறிதான் டேர்போ. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். பாரத்தோடு இழுக்கும்போது அந்தப் புகை 600, 700 பாகை செல்சியஸ் வரை போகும். தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேலேயும் சுழலும். அந்தத் தண்டைத் தாங்குவது பேரிங்குக்குள் ஓடுகிற மெல்லிய ஓயில் படலம். அதைக் குளிர வைப்பதும் அதே ஓயில்தான். ஓயிலை அனுப்புகிற பம்ப் எஞ்சினோடு சேர்ந்து ஓடுகிறது. எஞ்சினை நிற்பாட்டினால் ஓயிலும் நின்றுவிடும்.

ஆனால் சூடு நிற்காது. புகை போகிற பக்கத்து இரும்புக் கூட்டில் இருக்கும் சூடு மெல்ல நடுவில் உள்ள பேரிங் பக்கம் ஊர்ந்து வரும். அங்கே தேங்கி நிற்கும் கொஞ்ச ஓயில் கருகிக் கரியாகும். அடுத்த தரம் இன்னும் கொஞ்சம் கரி. இப்படியே ஓயில் வரும் மெல்லிய பாதை ஒடுங்கி, பேரிங் தேய்ந்து, தண்டு ஆடத் தொடங்கும். அப்புறம் தான் நீலப் புகையும், விசில் சத்தம் சைரன் மாதிரி மாறுவதும், இன்ரர்கூலர் (டேர்போ அழுத்திய காற்றை ஆற வைக்கும் பகுதி) குழாய்க்குள் ஓயில் வழிவதும். முற்றிப்போனால் அந்த ஓயிலையே எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் எஞ்சின் தானாக வேகம் எடுத்து ஓடுகிற ஆபத்தும் இருக்கிறது.

இந்த அவசரக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் மூத்த சாரதிமார் கெட்டிக்காரர். 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொரிஸ் மைனரையும் துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய கைகள் அவை. பின்னர் வந்த பழைய ஹைலக்ஸ், டொல்பின் வான் எல்லாவற்றிலும் பெரும்பாலும் டேர்போ இல்லாத டீசல் எஞ்சின். வந்த உடனே நிற்பாட்டினாலும் அவற்றுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. அந்த எஞ்சினில் தொழில் பழகியவர்களிடம் பழகியவர்கள்தான் இன்று டி-மக்ஸையும் எல்200ஐயும் புதிய ஹைலக்ஸையும் ஓட்டுகிறார்கள். வண்டி மாறிவிட்டது, கை மாறவில்லை.

அதே காலத்தில் இருந்து வந்த இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். நிற்பாட்டுவதற்கு முன் அக்சிலேற்றரை ஒருதரம் நன்றாக மிதித்து, எஞ்சின் உறுமும்போதே சாவியைத் திருப்புவது. அடுத்த ஸ்ரார்ட் இலேசாக இருக்கும் என்று பழையவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். டேர்போ வண்டியில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தண்டை வேகமாகச் சுழற்றிவிட்டு அந்தக் கணமே ஓயிலை அறுப்பது இது. தண்டு சுழன்று கொண்டே இருக்கும், கீழே படலம் இருக்காது.

2022ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்று, கியூஆர் காட்டி வாரத்துக்கு அளந்து வாங்கிய காலத்தில், எஞ்சின் சும்மா ஓடினால் நெஞ்சு எரிந்தது உண்மை. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. கணக்கைப் பாருங்கள்: இந்த அளவு எஞ்சின் சும்மா ஓடும்போது மணித்தியாலத்துக்குச் சுமார் ஒரு லீற்றர்தான் குடிக்கும், பலவேளை அதிலும் குறைவு. ஒரு நிமிடத்துக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு டீசல்.

சரி, நிற்பாட்ட முன் எஞ்சினை எவ்வளவு நேரம் சும்மா ஓட விட வேண்டும்? டொயோட்டாவின் டேர்போ டீசல் வாகனங்கள் பலவற்றின் கைநூலில் இதற்கு ஒரு அட்டவணையே இருக்கிறது. சாதாரண நகர ஓட்டத்துக்குப் பிறகு காத்திருக்கத் தேவையில்லை. 80 கிலோமீற்றர் வேகத்தில் தொடர்ந்து ஓடி வந்தால் சுமார் 20 விநாடி. 100இல் வந்தால் ஒரு நிமிடம். செங்குத்தான மலை ஏறி வந்தாலோ 100ஐத் தாண்டித் தொடர்ந்து ஓடி வந்தாலோ 2 நிமிடம். மொடலுக்கு மொடல் எண்கள் மாறும், உங்கள் வண்டியின் கைநூலைத் திறந்து பாருங்கள். ஜப்பான் மொழியில் இருந்தால் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்க்கலாம். பாரம் ஏற்றிய வண்டி என்றால் அட்டவணையில் இருப்பதை விடக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள் என்பது என் கருத்து. எங்களுக்கு மலை இல்லை, ஆனால் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் பாரத்தோடு ஆனையிறவு வெளியைத் தாண்டித் தெற்கே போகும் வண்டி எதிர்காற்றோடு மல்லுக்கட்டியே போகிறது.

புதிய டேர்போக்களுக்குத் தண்ணீரும் ஓடுகிறது, இனி இதெல்லாம் தேவையில்லை என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். பாதி சரி. தண்ணீர் ஓடும் டேர்போவில் எஞ்சின் நின்ற பிறகும் சூடான தண்ணீர் தானாக மேலெழுந்து சூட்டைக் கொஞ்சம் இழுத்துப்போகும். அதனால் ஆபத்து குறையும், இல்லாமல் போகாது.

மறுபக்கம் இருப்பவர்களையும் விட முடியாது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வந்துவிட்டு, வீட்டுப் போர்ட்டிக்கோவில் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விடுகிறவர்கள். அது வெறும் புகை. அந்தப் புகை போவது பிள்ளை படிக்கிற அறை யன்னலுக்குள். எங்கள் ஊர் ஒழுங்கைகளில் இரண்டு பக்க வேலிக்கும் நடுவே உருட்டிக்கொண்டு வந்தாலே டேர்போ ஆறிவிடும். கடைசி ஒன்றிரண்டு கிலோமீற்றரை அமத்தாமல் ஓட்டுவது நின்ற இடத்தில் சும்மா ஓட விடுவதைவிட நல்லது. ஓடும்போது காற்றும் படுகிறது, ஓயிலும் நன்றாக ஓடுகிறது. இதே காரணத்தால் டேர்போ ரைமர் (எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுத் தானாக நிற்பாட்டும் கருவி) பூட்டச் சொல்லி எவருக்கும் நான் சொல்வதில்லை. சாவியை எடுத்த பிறகும் ஆளில்லாமல் எஞ்சின் ஓடுவது எனக்குப் பிடிக்காது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது. டேர்போவைக் கொல்வதில் முதலிடம் அழுக்கு ஓயிலுக்கும் ஓயில் பற்றாக்குறைக்கும்தான். சேர்விஸைத் தள்ளிப்போட்டு, ஓயில் மாற்றும்போது ஃபில்டரை மாற்றாமல் விட்டு, பிறகு முறிகண்டியில் இரண்டு நிமிடம் காத்திருந்து பயனில்லை. காலையில் ஸ்ரார்ட் பண்ணிய உடனேயும் உறும விடாதீர்கள், ஓயில் டேர்போ வரை ஏறச் சில விநாடி வேண்டும்.

ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டால், இந்த வண்டிகள் எங்களுக்குச் சுலபமாகக் கிடைத்தவை அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். அந்த இடைக்காலத்தில் எங்கள் விவசாயமும் மீன்பிடியும் பழைய பிக்கப்புகளின் முதுகில்தான் ஓடின. டேர்போ போனால் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடி, கழற்றி எடுத்த ஒன்றை வாங்கிப் பூட்டி, அது எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாமல் ஓட வேண்டும். வண்டி கராஜில் நிற்கும் நாளெல்லாம் மீன் தெற்கே போகாது.

ஆகவே முதலாளிமாரிடம் ஒரு கேள்வி. உங்கள் பிக்கப் ஓட்டும் தம்பி வண்டியை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் எஞ்சினை ஓட விட்டால், "ஏன்ரா டீசலை எரிக்கிறாய்?" என்று கத்துவீர்களா? அவன் உங்கள் சொத்தைத்தான் பார்க்கிறான். முறிகண்டியில் மற்றவர்கள் இறங்கித் தேங்காய் வாங்கட்டும், அவன் ஹாண்ட்பிரேக்கை இழுத்து, நியூற்றலில் போட்டுவிட்டு இருக்கையிலேயே இருந்து பிறகு இறங்கட்டும். எரிபொருள் நிலையத்தில் அப்படிச் செய்ய முடியாது, உள்ளே போனதும் நிற்பாட்டத்தான் வேண்டும். அங்கே நிரப்பப் போவது தெரிந்தால் ஒரு கிலோமீற்றருக்கு முன்பே காலைத் தளர்த்தச் சொல்லுங்கள். பொலிஸ் மறித்து உடனே நிற்பாட்டச் சொன்னால் நிற்பாட்டட்டும், ஒரே ஒரு தரத்தில் டேர்போ செத்துப்போகாது.