தலையணை வைத்தால் மட்டும் போதாது

வீட்டில் கட்டிய விமானத்தில் ரடர் (விமானத்தின் மூக்கை இடம்-வலம் திருப்பும் தகடு) பெடல் காலுக்கு எட்டவில்லை என்றால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்தால் போதும், வேறெதுவும் பார்க்க வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது ஆபத்தான யோசனை, தயவுசெய்து அப்படியே விட்டுவிடாதீர்கள்.

1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவில் கடலில் விழுந்து இறந்தது லாங்-ஈஸீ என்ற இப்படிப்பட்ட ஒரு விமானத்தில்தான். பெடல் எட்ட அவருக்கும் முதுகில் குஷன் தேவைப்பட்டது. எரிபொருள் டேங்க்கை மாற்றும் வால்வோ, வரைபடத்தில் இருந்தபடி முன்னால் இல்லாமல் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அதற்காக உடம்பைத் திருப்பியபோது வலது கால் தன்னையறியாமல் ரடர் பெடலை அழுத்திவிட்டது என்பதே விசாரணையின் முடிவு.

மெத்தென்ற ஃபோம் இன்னொரு தொல்லை. டேக்-ஆஃபில் வேகம் எடுக்கும்போது அது அமுங்கும், நீங்கள் பின்னால் போவீர்கள், பெடல் தள்ளிப்போகும்.

பறக்கப் போடும் அதே ஷூவோடு உட்காருங்கள், பெல்ட்டை இறுக்குங்கள். ஒரு பெடலை முழுதாக மிதித்து, அங்கேயே பிரேக்கையும் அழுத்துங்கள். முழங்கால் அப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வால்வையும் எட்டித் திருப்புங்கள். வெளியே ஒருவர் நின்று ரடர் அசைகிறதா என்று பார்க்கட்டும். சீட்டை நகர்த்தினால் எடைச் சமநிலையையும் மறுபடி கணக்கிட வேண்டும்.