நோட்டில் எழுதிய பி.இ.
பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டியின் பி.இ. (பங்கு விலை, லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற விகிதம்) 20க்குக் கீழே வந்தால் வாங்கு, 25ஐத் தாண்டினால் விற்றுவிடு என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நானும் அப்படித்தான் நோட்டுப் போட்டு எழுதி வந்தேன். 2021 மார்ச் கடைசியில் 40ஐ ஒட்டியிருந்த எண், மறுநாள் பார்த்தால் 33! சந்தை ஒன்றும் அந்த அளவுக்குச் சரியவில்லை. துணை நிறுவனங்களின் லாபத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறைக்கு என்.எஸ்.இ. (தேசியப் பங்குச் சந்தை) மாறியிருந்தது, அவ்வளவுதான். அதற்கு முந்தைய சராசரியோடு இன்றைய எண்ணை ஒப்பிடுவது, படியில் அளந்த அரிசியைக் கிலோவோடு ஒப்பிடுவது போல.

போதாக்குறைக்கு, குறியீட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிதித்துறை. வாராக்கடனுக்காக லாபத்திலிருந்து எடுத்துவைக்கும் ஒதுக்கீடு ஏறினால் வங்கியின் லாபம் சுருங்கி பி.இ. வீங்கும், ஒதுக்கீடு குறைந்த ஆண்டில் அதே பங்கு மலிவாகத் தெரியும். வங்கிப் பங்கென்றால் புத்தக மதிப்பையும் (சொத்தில் கடன் போக மிஞ்சுவது), நிகர வாராக்கடனையும் (ஒதுக்கீடு போக மீதமுள்ள வாராக்கடன்) தான் நான் முதலில் பார்க்கிறேன்.