சேலத்தில் யாரும் எரிக்கப்படவில்லை

"1692இல் அமெரிக்காவின் சேலத்தில் நூற்றுக்கணக்கான பெண்களைச் சூனியக்காரிகள் என்று உயிரோடு எரித்தார்கள்" என்று பலரும் சொல்வது தவறு. அங்கே ஒருவரைக்கூட எரிக்கவில்லை. தூக்கிலிடப்பட்டவர்கள் 19 பேர். 14 பெண்கள், 5 ஆண்கள். கைல்ஸ் கோரி என்ற முதியவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் மாட்டேன் என்றதால், வாயைத் திறக்க வைக்க மேலே பாரக்கல் ஏற்றினார்கள், அதிலேயே இறந்தார். சிறையில் இறந்தவர்கள் குறைந்தது ஐந்து பேர். நூற்றுக்கணக்கில் என்பது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குப் பொருந்தும், கொல்லப்பட்டவர்களுக்கு அல்ல.

எரிக்காமல் தூக்கிலிட்டதற்குக் காரணம் சட்டம். சேலம் இருக்கும் மாசசூசெட்ஸ் அப்போது ஆங்கிலேயக் குடியேற்றம். இங்கிலாந்துச் சட்டத்தில் சூனியம் பெருங்குற்றம், அதற்குத் தூக்கு. (கணவனைக் கொன்ற மனைவிக்குத்தான் அங்கே தீ. சூனியத்தால் கொன்றாள் என்றாலும் அதே கணக்கு.) ஜெர்மானியப் பகுதிகளில் 1532ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு தீங்கு செய்யும் சூனியத்துக்குத் தீயை விதித்தது. ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் கழுத்தை நெரித்துக் கொன்ற பிறகே உடலை எரித்தார்கள். எல்லாவற்றையும் ஒரே கதையாகக் கலந்ததில் வந்த குழப்பம் இது.

சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் பெண்கள் மட்டும் என்பதும் சரியல்ல. ஐரோப்பாவில் மொத்தமாகப் பார்த்தால் பெண்களே மிக அதிகம். ஆனால் ஐஸ்லாந்தில் எரிக்கப்பட்டவர்கள் அனேகமாக எல்லாருமே ஆண்கள்.

இன்னொன்று: சேலத்தில் "ஆமாம், நான் சூனியக்காரி" என்று ஒப்புக்கொண்டு அதில் நின்றவர்கள் தூக்கிலிருந்து தப்பினார்கள், டிட்டூபா என்ற அடிமைப் பெண் உட்பட. மறுத்து நின்றவர்களே தூக்குமேடைக்குப் போனார்கள்.