முதலில் கேபிளைப் பாருங்கப்பா!

கம்ப்யூட்டர் திரை மஞ்சளடித்தால் உடனே ‘பேனல் போச்சு’, அதாவது படம் காட்டும் பலகையே கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொல்வதை காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எப்போதுதான் நிறுத்துவார்களோ! கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்குப் படத்தைக் கொண்டுபோகும் பழைய வகை விஜிஏ கேபிளின் 15 பின்களில் (ஊசிகளில்) 3-வதுதான் நீலத்தைக் கொண்டுவருகிறது. அது வளைந்து நீலம் வராவிட்டாலே வெள்ளை மஞ்சளாகிவிடும். மானிட்டரின் பட்டனை அழுத்தி மெனுவைப் பாருங்கள். அது கேபிள் வழியே வருவதல்ல, மானிட்டரே காட்டுவது. மெனு வெள்ளையாகத் தெரிந்தால் பேனலுக்கு ஒன்றுமில்லை. இதற்கா புது மானிட்டர்?

படமும் ஒலியும் சேர்ந்து போகும் எச்டிஎம்ஐ கேபிளின் கொடுமை தனி. வீடு நீளம் என்பதற்காக முகப்பிலிருந்து வளவு (உள்முற்றம்) வரை 15 மீட்டர் சாதாரணச் செம்புக் கேபிளை இழுத்தால், மிகத் துல்லியமான 4கே படம் 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை) வரத் தேவையான 18 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 18 ஜிகாபிட்) தரவு எப்படிப் போய்ச் சேரும்? படம் விட்டுவிட்டுத்தான் வரும். 30 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். இருட்டடிப்பது நின்றால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. கம்ப்யூட்டருக்குள் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றாதீர்கள், தயவுசெய்து!