வண்டு மட்டும்தான் குற்றவாளியா?

காட்டில் மரங்கள் கூட்டமாகக் காய்ந்துபோனதாகச் செய்தி வந்தால் போதும், கூடவே ஒரு வண்டின் படமும் பெரிதாக வந்துவிடும். வண்டு தின்றது, மரம் செத்தது, வெட்டு, புதுக் கன்று நடு. கதை முடிந்தது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. வண்டு பெரும்பாலும் கடைசியில் வரும் ஆள். அதற்கு முன்பே மரத்தை முக்கால்வாசி கொன்றது எது என்றுதான் கேட்க வேண்டும்.

2018 வறட்சி தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குள் ஜெர்மனியில் சுமார் 5 லட்சம் ஹெக்டேர் காடு போனது, பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். பழி பட்டை வண்டு மேல். சரி, குளிர்ந்த மலைக்குரிய மரத்தைச் சீக்கிரம் வளரும், நல்ல விலை போகும் என்று சமவெளி வரை இறக்கி, ஒரே வயதில் வரிசை வரிசையாக நட்டது வண்டா? திடமான ஸ்ப்ரூஸின் பட்டையைத் துளைத்தால் பிசின் பீறிட்டு வண்டையே வெளியே தள்ளிவிடும். வேரில் ஈரமில்லாமல் தவிக்கும் மரத்துக்கு அந்தப் பிசினைச் சுரக்கத் தெம்பிருக்காது. போதாததற்கு, கோடை நீண்டதால் வண்டு அதே வருஷத்தில் இன்னொரு தலைமுறையையும் பெற்றுத் தள்ளிவிடுகிறது.

மரம் வெயிலில்தான் சாகும் என்றும் இல்லை. அலாஸ்காவிலும் அதை ஒட்டிய கனடாக் கடலோரத்திலும் 4 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு மஞ்சள் சிடார் மரங்கள் பட்டுப்போயிருக்கின்றன. முதலில் கிருமி, பூஞ்சை என்றுதான் தேடினார்கள். உண்மையில் நடந்தது வேறு. ஈரமண்ணில் மேலாக ஓடும் அதன் வேர்களுக்குத் தரையில் படியும் பனிதான் போர்வை. பனி குறைந்ததும், குளிர்காலக் கடைசியில் வரும் உறைகுளிரில் வேர் செத்துவிடுகிறது. பூமி சூடானதால் ஒரு மரம் குளிரில் சாகிறது!

மரத்தை வெட்டுவதே பாவம் என்று நினைக்கும் நண்பர்களுக்கு அடுத்தது பிடிக்காது. சில காடுகளில், நெருங்கி நிற்கும் மரங்களில் கொஞ்சத்தை வெட்டிக் கலைத்துவிடுவதுதான் வைத்தியம். கலிபோர்னியாவில் 2012 முதல் 2016 வரையிலான வறட்சியில் 10 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் செத்தன. அங்கே நூறு வருஷமாகச் சின்னத் தீயைக்கூட விடாமல் அணைத்து அணைத்து, பல இடங்களில் காடு இடமே இல்லாமல் நெருங்கிப் போயிருந்தது. இருக்கிற தண்ணீருக்கு அத்தனை வேர்கள் போட்டி. முன்கூட்டியே கலைத்திருந்தால் மிச்ச மரங்களுக்காவது கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அதற்காக ஈரமான பழங்காட்டுக்குள் ரம்பத்தோடு போகச் சொல்லவில்லை, அங்கே இந்த வாதம் செல்லாது. அப்புறம், கலைப்பதென்றால் வறட்சிக்கு முன்னால் கலைக்க வேண்டும். உச்சிக் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து, கிளைகளுக்கு நடுவே வானம் தெரிய ஆரம்பிக்கும்போது பல நேரம் தாமதமாகிவிட்டிருக்கும். தண்டுக்குள் நீர் ஏறும் குழாய்களில் காற்று புகுந்து அடைத்துக்கொண்ட மரம், மழை திரும்பிய பிறகும் சில வருஷம் கழித்துச் சாவதுண்டு.

எனக்கு அதிகம் கோபம் வருவது செத்த காட்டை ஒட்டுமொத்தமாக மொட்டையடிக்கும்போதுதான். ஐரோப்பாவில் ஆஷ் மரங்களைப் பூஞ்சை அழித்துவருகிறது, ஆனால் அதே நோய்க்கு நடுவே பெரிய சேதமில்லாமல் நிற்கும் மரங்களும் சில சதவீதம் உண்டு, அந்தத் தாங்கும் குணத்தில் ஒரு பங்கு விதை வழியாகக் கன்றுக்கும் போகிறது. எப்படியும் சாகத்தானே போகிறது என்று அந்த மரங்களையும் சேர்த்து வெட்டி லாரியில் ஏற்றிவிட்டு, நாற்றங்காலில் கன்று வாங்கி நடுகிறார்கள். ரம்பம் உள்ளே போகும் முன் யாராவது ஒருவர் பெயிண்ட் டப்பாவோடு நடந்து, பச்சையாக நிற்பதில் எல்லாம் வெட்டாதே என்று ஒரு கோடு போட்டுவிட்டு வரலாமே. அதற்கு என்ன பெரிய செலவு?